முப்பதும் சரி, முப்பத்தொன்றும் சரி

கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு ஊரில், அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை என்.எம்.எம்.எஸ். தேர்வுக்குத் தயார் செய்கிற பொறுப்பு பல வருஷமாக என்னிடம்தான். தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்புதவித் தொகைத் தேர்வு என்பது அதன் முழுப் பெயர். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் எழுதலாம். தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை மாதம் 1000 ரூபாய், ஆக நான்கு வருஷத்துக்கு 48,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 6,695 இடம். எங்கள் ஊரில் அந்தப் பணம் வந்தால் ஒரு பெண் பிள்ளையைப் பத்தாவதோடு நிறுத்த மாட்டார்கள். அதனால் சனிக்கிழமை வகுப்பை நான் ஒருநாளும் சாதாரணமாக எடுத்துக்கொண்டதில்லை.

இரண்டு தாள். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, 90 நிமிடம். படிப்பறிவுத் தேர்விலும் 90 கேள்வி, 90 நிமிடம்; அதில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

2018-19இல் எழுதிய நான்கு பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அந்த வருஷம் ஜூலையில் முதல் மாதிரித் தேர்வு வைத்தேன். அன்றைக்கு மத்தியானம் வேறு வகுப்பு இல்லாததால் நேரக் கட்டுப்பாடு வைக்கவில்லை, முடிக்கிறவரை எழுதுங்கள் என்று விட்டுவிட்டேன். மனத்திறன் தாளில் முதல் நான்கு பேரும் 90க்கு 64, 65, 66, 67 வாங்கினார்கள். கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். நான்கு பேருக்கும் கிடைத்துவிடும் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். கிடைத்தது இரண்டு பேருக்கு.

ஏன் அப்படி ஆனது என்று புரிய எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. புரிந்ததில் பாதி என்னைப் பற்றியதாக இருந்தது.

முதலில் பிள்ளைகளைச் சொல்கிறேன். ஒருத்தி, சொல்லிக்கொடுத்த வழியை அப்படியே பிடித்துக்கொண்டு ஒரு படி கூடத் தவறாமல் போவாள். நோட்டைத் திறந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். கேள்வியின் வடிவம் கொஞ்சம் மாறினால் மட்டும் பேனாவை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். இரண்டாவது ஒரு பையன், தாத்தாவிடம் தவில் கற்றுக்கொள்கிறவன். நான் ஒரு வழி போட்டுக் காட்டினால் அவன் வேறு வழியில் போட்டு வைத்திருப்பான். 2, 6, 12, 20, 30, அடுத்து என்ன என்று கேட்டால், வகுப்பே 4, 6, 8, 10 என்று வித்தியாசம் பார்த்து 12ஐக் கூட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் ஒன்றிரண்டு, இரண்டு மூன்று, மூன்று நான்கு என்று வாய்ப்பாடு மாதிரிச் சொல்லி ஆறேழு 42 என்பான். நோட்டில் அந்த 42 மட்டும்தான் இருக்கும், அதுவும் கோணலாக. மூன்றாவது பெண் எதையும் கேள்வி கேட்பவள். கைடில் உள்ள விடைக்குறிப்பில் எத்தனை தப்பு என்று தனியாக ஒரு பட்டியல் வைத்திருந்தாள், அந்தப் பட்டியல் பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. நான்காவது பையன் மெதுவானவன். ஒரு கேள்வியை விட்டு நகர மாட்டான், நகர்ந்தால் அதில் தப்பு இருக்காது.

ஆகஸ்டிலிருந்து நேரம் வைத்து எழுதச் சொன்னேன். நால்வரும் அப்போதே பிரிய ஆரம்பித்துவிட்டார்கள், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை. மெதுவான பையன் 90 நிமிடத்தில் 64ஆவது கேள்வியைத் தாண்டவில்லை. கேள்வி கேட்கிற பெண் பத்துப் பதினைந்து கேள்வியை விட்டுவிட்டு வந்தாள், இரண்டு விடையும் பொருந்துகிறதே டீச்சர் என்பாள். தவில் பையன் மனத்திறன் தாளில் எல்லோருக்கும் மேலே போனான், படிப்பறிவுத் தாளில் கீழே விழுந்தான். நோட்டு எழுதும் பெண் மட்டும் இரண்டிலும் ஒரே சீராக ஏறிக்கொண்டே போனாள்.

இதைப் பார்த்து நான் போட்ட கணக்கு இதுதான்: அவள் உழைக்கிறாள், அவன் சோம்பேறி, இன்னொருத்தி வாயாடி, அந்தப் பையன் மந்தம். தவில் பையனின் நோட்டில் சிவப்பு மையில் ‘வழிமுறை எங்கே?’ என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அவன் அம்மாவிடம், மூளை இருக்கிறது, பொறுப்பு இல்லை என்று சொன்னேன். பையன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அதை இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

முடிவு வந்தபோது மனத்திறன் தாளில் அவனுக்கு 71, எங்கள் பள்ளியிலேயே அதுதான் அதிகம். படிப்பறிவுத் தாளில் 38. பட்டியலில் பெயர் இல்லை. மெதுவான பையன் பெயரும் இல்லை; கடைசி இருபது முப்பது கேள்விகளுக்கு அவன் விடைத்தாளில் எந்த வட்டத்தையும் கருக்கவில்லை. தப்புக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்று பத்து முறை சொல்லியிருந்தேன். தெரியாததைத் தெரிந்த மாதிரிப் போடுவது பொய் இல்லையா டீச்சர் என்றான். பெண்கள் இரண்டு பேருக்கும் கிடைத்தது.

முடிவு வருவதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். தேர்வு முடிந்து அடுத்த வாரம். இனி வகுப்பு இல்லை என்று சொல்லியும் நால்வரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சரி, விளையாட்டாக ஒன்று செய்யலாம் என்று 1, 2, 4, 8, 16 என்று எழுதி அடுத்து என்ன என்றேன். 32 என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அப்புறம் ஒரு வட்டம் வரைந்து, விளிம்பில் ஒரு புள்ளி வைத்தால் வட்டம் ஒரே துண்டு. இரண்டு புள்ளி வைத்துக் கோட்டால் சேர்த்தால் இரண்டு துண்டு. மூன்று புள்ளிக்கு நான்கு, நான்கு புள்ளிக்கு எட்டு, ஐந்து புள்ளிக்குப் பதினாறு என்று போட்டுக் காட்டினேன். ஆறு புள்ளி வைத்து எல்லாவற்றையும் ஒன்றோடொன்று சேர்த்து நீங்களே எண்ணுங்கள் என்றேன்.

நோட்டுப் பெண் காம்பஸ் எடுத்து, பாகைமானி வைத்து, 60 பாகைக்கு ஒரு புள்ளி அளந்து வைத்தாள். தவில் பையன் கையாலேயே ஒரு கோணல் வட்டம் போட்டு மனம் போன இடத்தில் ஆறு புள்ளி வைத்தான். முதலில் ஆளுக்கொரு எண் சொன்னார்கள், 29 என்று ஒருத்தி, 32 என்று ஒருவன். மெதுவான பையன் இரண்டு தாளையும் வாங்கி ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பொடி எழுத்தில் 1, 2, 3 என்று எண் போட்டான். பத்து நிமிடம் ஆயிற்று. அவசரப்படுத்தாமல் நான் உட்கார்ந்திருந்தது அந்த வருஷத்திலேயே அதுதான் முதல் தடவை. அவன் சொன்னான்: அவள் தாளில் 30, இவன் தாளில் 31.

யாரோ தப்பாக வரைந்திருக்கிறார்கள் என்று இரண்டு பேரும் சண்டைக்குப் போனார்கள். கேள்வி கேட்கிற பெண் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, டீச்சர், அவளுடையதில் மூன்று கோடு நடுவில் ஒரே புள்ளியில் வந்து இடிக்கிறது, இவனுடையதில் இடிக்கவில்லை, அதனால் நடுவில் ஒரு குட்டி முக்கோணம் கூடுதலாக இருக்கிறது என்றாள். அதேதான் விஷயம். புள்ளிகளைச் சமதூரத்தில் வைத்தால் 30, சற்றுக் கலைத்து வைத்தால் 31. எப்படி வைத்தாலும் 32 வராது.

எனக்கு அன்றைக்கு 31 வரும் என்று மட்டும்தான் தெரியும். 30ம் வரும் என்பதை அந்த ஒழுங்கான பெண்ணின் பாகைமானிதான் காட்டிக்கொடுத்தது. ஒழுங்காக வரைந்தவள் இல்லையென்றால் 30 இல்லை, ஒழுங்கில்லாதவன் இல்லையென்றால் 31 இல்லை, எண்ணியவன் இல்லையென்றால் இரண்டுமே இல்லை, கேள்வி கேட்கிறவள் இல்லையென்றால் காரணம் இல்லை. இந்த நால்வரையும் ஒரு தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தேனே என்று வீட்டுக்குப் போகிற வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். எம்.எட். படித்த தோழி ஒருத்தி தன் புத்தகங்களைக் கொடுத்தாள். அதில் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரின் கருத்து எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. 1988இல் அவர் முதலில் சொன்னதை 1997இல் ஒரு நூலாகவே எழுதினார். ஒரு நாட்டை ஆளுவதற்குச் சட்டம் இயற்றுவது, அதை நிறைவேற்றுவது, தீர்ப்புச் சொல்வது என்று மூன்று வேலை இருக்கிறதல்லவா, நம் பிள்ளைகள் குடிமையியல் பாடத்தில் படிப்பதுதான். மனிதன் தன் மனசை ஆளுவதும் அப்படித்தான் என்கிறார். சிலருக்குத் தானே வழி வகுத்தால்தான் பிடிக்கும், சிலருக்கு வகுத்த வழியில் செம்மையாகச் செய்வது பிடிக்கும், சிலருக்கு இருப்பதை எடைபோட்டுப் பார்ப்பது பிடிக்கும். இதோடு இன்னும் பல உண்டு, ஒரே வேலையில் மூழ்குவதா பலதையும் வரிசைப்படுத்திச் செய்வதா, மொத்தமாகப் பார்ப்பதா நுணுக்கமாகப் பார்ப்பதா, தனியாகவா கூட்டாகவா என்று மொத்தம் 13 வகைச் சிந்தனைப் பாணி சொல்கிறார். எனக்கு முதல் மூன்றே போதுமாக இருந்தது.

அவர் அழுத்திச் சொல்வது, பாணி என்பது திறன் இல்லை. இருக்கிற திறனைச் செலவழிக்க ஒருவர் விரும்புகிற விதம். இதை நான் எனக்குப் புரிகிற மாதிரி இப்படி வைத்துக்கொண்டேன்: ஒன்று கூடுதலாக இருந்தால் எங்கேயும் நல்லதுதான் என்றால் அது திறன். ஓர் இடத்தில் உதவி, இன்னோர் இடத்தில் இடைஞ்சல் என்றால் அது பாணி. தெளிவாகத் தர்க்கம் செய்யத் தெரிவது திறன், எங்கேயும் அது கெடுதல் செய்யாது. சொந்த வழி தேடுவது பாணி. எண் தொடரில் அது வரம், 35 சமூக அறிவியல் கேள்விகளில் அது நேர விரயம்.

இந்த வித்தியாசத்தில் ஆராய்ச்சியாளர்களே தடுமாறியிருக்கிறார்கள். மனத்திறன் தாளில் மறைந்துள்ள உருவத்தைக் கண்டுபிடி என்று கேள்வி வரும், சிக்கலான படத்துக்குள் ஒரு சின்ன வடிவம் ஒளிந்திருக்கும். ஹெர்மன் விட்கின் என்ற உளவியலாளர் இந்த மாதிரிப் படங்களையும் வைத்துத்தான், சுற்றியிருப்பதிலிருந்து ஒன்றைப் பிரித்துப் பார்க்கிறவர்கள், முழுமையோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் என்று இரண்டு பாணியாகப் பிரித்தார். ஆனால் அந்தப் படங்களில் நன்றாகச் செய்கிறவர்கள் அறிவுத்திறன் சோதனைகளிலும் கூடுதலாக வாங்கவே, இது பாணியே இல்லை, திறன்தான் என்று பலர் மறுத்தார்கள். அதனால்தான் நானும் இப்போது ஒரு பிள்ளையைப் பற்றி அவன் பாணி அப்படி என்று சொல்வதற்கு முன்னால், உண்மையிலேயே பாணியா, இல்லை அந்தப் பாடமே அவனுக்குப் புரியவில்லையா என்று ஒருமுறை யோசிக்கிறேன். பின்னக் கணக்குத் தெரியாத பிள்ளையைச் ‘சுதந்திரமாகச் சிந்திப்பவன்’ என்று சொல்லி விட்டுவிடுவது அவனுக்குச் செய்கிற துரோகம்.

ஸ்டெர்ன்பெர்க்கும் எலெனா கிரிகொரென்கோவும் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எங்கள் நால்வரைப் பார்த்தே எழுதினது போல இருந்தது. யேல் பல்கலைக்கழகத்துக் கோடைகால வகுப்புக்குத் தேர்வான 199 மீத்திறன் மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் கெட்டிக்காரப் பிள்ளைகள். திறனோடு சேர்த்துச் சிந்தனைப் பாணியையும் பார்த்தால், யார் எப்படிப் படிப்பார்கள் என்பதை இன்னும் நன்றாகக் கணிக்க முடிந்தது. ஒவ்வொரு பாணிக்காரரும் எந்த வகைத் தேர்வில் நன்றாகச் செய்கிறார் என்பதும் மாறியது. ஆக, மதிப்பெண் குறைந்தால் மூளை குறைவு என்று அர்த்தமில்லை. தேர்வின் அச்சு ஒன்று, பிள்ளையின் வார்ப்பு வேறொன்றாக இருக்கலாம். வட்டம் கருக்குகிற தேர்வு, வகுத்த வழியில் வேகமாகப் போகிற பிள்ளைக்குச் சாதகம். எங்கள் முடிவும் அப்படித்தான் வந்தது.

அதே இருவரின் இன்னொரு ஆய்வுதான் என்னை உறங்கவிடாமல் செய்தது. ஆசிரியர்கள் தங்கள் பாணியோடு ஒத்துப்போகிற மாணவர்களை உயர்வாக மதிப்பிடுகிறார்கள் என்று அதில் கண்டார்கள். நான் எப்படிப்பட்டவள் என்று யோசித்தேன். கோடு போட்டு, விளிம்பு விட்டு, படி படியாக எழுதி வளர்ந்தவள். அதற்காகவே பரிசு வாங்கியவள். நோட்டுப் பெண் எனக்குப் பிடித்தவளாக இருந்ததற்குக் காரணம், அவள் நோட்டில் நான் இருந்தேன்.

சரி, அதற்கப்புறம் என்ன மாற்றினேன் என்பதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவினால் சந்தோஷம்.

பெரிய மாற்றம் வீட்டுப்பாடத்தில். ஒரு பாடத்துக்கு மூன்று விதமாகக் கொடுக்கிறேன். சொல்லிக்கொடுத்த முறையில் நான்கு கணக்கு. சொந்தமாக ஒரு கணக்கு எழுதி விடையும் போட வேண்டும். நானே வேண்டுமென்று எங்கேயோ தப்பு வைத்துப் போட்ட ஒரு கணக்கில் அந்தத் தப்பு எது, ஏன் தப்பு என்று எழுத வேண்டும். மூன்றையும் எல்லோரும் செய்தாக வேண்டும். நாலைந்து வாரத்தில் எந்தப் பிள்ளைக்கு எதில் முகம் மலர்கிறது என்று தானாகத் தெரிந்துவிடும், கேள்வித்தாள் வைத்து யாரையும் வகைப்படுத்தத் தேவையில்லை. பிடித்ததை மட்டும் கொடுத்தால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும், அதனால் பிடிக்காத இரண்டும் கட்டாயம் உண்டு. ஆனால் புதுப் பாடம் ஆரம்பிக்கும்போது அந்தப் பிள்ளைக்குப் பிடித்த வாசல் வழியாக உள்ளே கூப்பிடுகிறேன். தவில் பையன் மாதிரிப் பிள்ளையிடம் சூத்திரத்தை எழுதிப் போடுவதற்கு முன் இதற்கு நீ ஒரு வழி சொல் என்பேன். அவன் வழி நீளமாகப் போய் மூச்சுத் திணறும்போது, சூத்திரத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறான்.

ஒரு எச்சரிக்கை. ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில், கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள் அல்லவா, நான் பேசுவது அது இல்லை. அப்படிப் பிரித்து நடத்தினால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் பழைய ஆய்வுகளையெல்லாம் அலசிச் சொல்லிவிட்டார்கள். வடிவியலை யாராக இருந்தாலும் படம் போட்டுத்தான் படிக்க வேண்டும், காதால் கேட்டு வட்டம் புரியாது.

இன்னொன்று, பாணி ஒரு பிள்ளையின் நெற்றியில் எழுதி ஒட்டியதில்லை. அந்தப் பையன் வீட்டுக்கு ஒருநாள் போனேன், மன்னிப்புக் கேட்கத்தான். தாத்தா முன்னால் உட்கார்ந்து தவில் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரே சொற்கட்டை அவர் நிறுத்தச் சொல்லும்வரை, ஒரு எழுத்தும் மாற்றாமல், திரும்பத் திரும்ப வாசித்தான். என் வகுப்பில் வழிமுறையே எழுதாத பையன்! ஏண்டா இங்கே மட்டும் சொன்னபடி கேட்கிறாய் என்றேன். தாத்தா பெரிய வாசிப்பு வாசிக்கும்போது இதெல்லாம் எங்கே வருகிறது என்று காதில் விழுகிறது டீச்சர், அதனால் செய்கிறேன் என்றான். படிகளை எழுதி வை என்று ஆயிரம் முறை சொன்ன நான், அது எங்கே போய்ச் சேரும் என்று ஒருமுறை கூடக் காட்டவில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவன் விடையை மட்டும் கொடுத்து, இவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று மற்ற பிள்ளைகளைக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே எழுத ஆரம்பித்தான்.

கும்பகோணத்துக்காரர்களுக்கு இந்த இடத்தில் ராமானுஜன் நினைவுக்கு வராமல் இருக்காது. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். பள்ளியில் பரிசுகளாக வாங்கிக் குவித்தவர், 1904இல் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றதைக் கவனிக்காததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. பலகையில் போட்டு முழங்கையால் அழித்துவிட்டு முடிவை மட்டும் நோட்டில் எழுதியவர். இதைச் சொன்னதும் பிள்ளைகள், அப்போ நாங்களும் வழிமுறை எழுத வேண்டாமா என்பார்கள். நான் கதையை அங்கே நிறுத்துவதில்லை. 1914இல் கேம்பிரிட்ஜ் போனபின், நிறுவல், அதாவது ஒரு முடிவு ஏன் சரி என்று படிப்படியாகக் காட்டுவது, என்றால் என்ன என்பதை அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே அவரோடு வேலை செய்த கணித அறிஞர் ஹார்டிக்கு இருந்த பயம், ராமானுஜனுக்குச் சலிப்பூட்டுவதையெல்லாம் ஒரேயடியாகத் திணித்தால் அவருடைய தன்னம்பிக்கை போய்விடுமோ என்பது. கற்றுக்கொடுத்தார், ஆனால் அளவு பார்த்துக் கற்றுக்கொடுத்தார். ஓர் ஆசிரியராக நான் படிக்க வேண்டிய பாடம் ராமானுஜனைவிட ஹார்டியிடம்தான் அதிகம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்கில் தோற்கிற எல்லாப் பிள்ளைகளும் ராமானுஜன் இல்லை, ஆனால் உதவித்தொகை போனவுடன் ஒதுக்கப்பட வேண்டிய பிள்ளை என்று எவருமே இல்லை.

தேர்வுக்கென்று செய்வது தனி. அதைப் பாணிக்கு எதிராகச் செய்கிற பயிற்சி என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். இந்த 90 நிமிடத்துக்கு மட்டும் நீ வேறொரு ஆளாக இரு, வெளியே வந்ததும் பழையபடி இரு. மெதுவான பிள்ளைகளுக்கு மூன்று சுற்று. முதல் சுற்றில் பார்த்ததும் தெரிவது மட்டும், இரண்டாவதில் யோசித்தால் வருவது, கடைசி ஐந்து நிமிடத்தில் மிச்சமுள்ள எல்லாவற்றுக்கும் வட்டம். இது பொய் இல்லை, இந்த விளையாட்டின் விதி இது, கபடியில் மூச்சுப் பிடிப்பது மாதிரி என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள். கேள்வியை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள் விடைத்தாளில் வரிசை மாற்றி வட்டம் போட்டுவிடுவார்கள், அதனால் பத்துக் கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்க்கப் பழக்குகிறேன். மெதுவு, மந்தம் என்று நாம் கலந்து பேசும் இரண்டும் வேறு வேறு. ஜெரோம் கேகன் என்ற உளவியலாளர் 1960களில், சட்டென்று பதில் சொல்லித் தவறுகிற பிள்ளைகள், தாமதித்துச் சரியாகச் சொல்கிற பிள்ளைகள் என்று பிரித்துக் காட்டினார். தாமதம் என்றாலே மந்தம் என்று நினைத்த என் எண்ணம் அதைப் படித்துத்தான் மாறியது. இரண்டு விடையும் பொருந்துகிறது என்கிற பிள்ளைக்கு நான் சொல்வது, எது சரி என்று கேட்காதே, கேள்வி எழுதியவர் எதை நினைத்து எழுதியிருப்பார் என்று கேள் என்பதுதான். எடைபோடுகிற மூளைக்கு அது பிடித்த வேலை, சட்டென்று முடித்துவிடுகிறார்கள்.

என் விருப்பு வெறுப்புக்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை பத்து நோட்டுகளைச் சமூக அறிவியல் சாரிடம் கொடுத்து, பெயரைப் பார்க்காமல், யாரிடம் நல்ல யோசனை இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்பேன். அவர் எடுத்துக் கொடுக்கிற நோட்டும் நான் நினைத்த நோட்டும் பாதி நேரம் வேறாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளைகளை அடுத்த வாரம் கூடுதலாகக் கவனிக்கிறேன்.

பெற்றோரிடம் பேசும்போது மூளை இருக்கிறது, ஆனால் என்று ஆரம்பிப்பதை அடியோடு விட்டுவிட்டேன். உங்கள் பையனுக்குச் சொந்தமாக யோசிப்பது பிடிக்கிறது, இந்தத் தேர்வில் மனப்பாடமும் கேட்பார்கள், அதற்குத் தினமும் அரை மணி நேரம் அவனோடு உட்காருங்கள் என்று சொன்னால் அவர்களுக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைக்கிறது. சோம்பேறி என்று சொன்னால் அடிதான் கிடைக்கிறது, பிள்ளைக்கு.

கடைசியாக அந்த நோட்டுப் பெண். அவளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லாமல் இருந்தது, அதுவும் ஒரு தப்பு. நன்றாகப் படிக்கிற, சொன்னபடி செய்கிற பிள்ளைகளை நாம் அப்படியே விட்டுவிடுகிறோம். ஒன்பதாம் வகுப்பில் மூன்று வித வீட்டுப்பாடம் ஆரம்பித்தபோது, சொந்தமாக ஒரு கணக்கு என்ற இடத்தை அவள் மூன்று வாரம் காலியாக விட்டாள். ஒருநாள் அழுதுவிட்டாள், எப்படி எழுத வேண்டும் என்று சொல்லுங்கள் டீச்சர், எழுதுகிறேன் என்றாள். உன் வீட்டில் அளக்கிற ஒன்றை எடு, அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன் என்றேன்.

நான்காவது வாரம் எழுதிக்கொண்டு வந்தாள். ‘எங்கள் மாடு காலையில் 5 லிட்டர் கறக்கும். ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டுவிட்டு மூன்றில்தான் கறப்போம். நான்கிலும் கறந்தால் எவ்வளவு?’ கீழே 5ஐ மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கி 6⅔ லிட்டர் என்று விடையும் போட்டிருந்தாள், கோடு போட்டு, விளிம்பு விட்டு. அதற்கும் கீழே, பென்சிலில், சின்னதாக: ‘பின் காம்பில் கூடுதலாகச் சுரக்கும். அதனால் இந்த விடை சரியாக வராது.’

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, கன்றுக்கு எந்தக் காம்பை விடுவீர்கள் என்று கேட்டேன். முன் காம்பு டீச்சர் என்றாள். கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துக்கொண்டே நின்றவள், அப்போ 6⅔க்குக் குறைவாகத்தான் வரும், எவ்வளவு குறையும் என்று நாளைக்குத் தனித்தனியாகக் கறந்து அளந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இடத்துக்குப் போனாள்.